வென்டிலேட்டர் ஓடுகிறது... சிறுநீர் ஏன் குறைகிறது?

‘‘நிமோனியான்னுதானே கொண்டுவந்து சேர்த்தோம்! மூச்சுத் திணறுதுன்னு வென்டிலேட்டர் வெச்சாங்க. ரெண்டே நாள்ல கிட்னி சரியா வேலை செய்யலைங்கறாங்க. நுரையீரலுக்கு மெஷின் வெச்சா கிட்னி எப்படிங்க கெட்டுப்போகும்?’’

ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயக்கம். அதனால் தங்களுக்குள்ளேயே பேசிப் பேசி, ஆளுக்கொரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். ‘அந்த மெஷின்ல வெச்சதாலதான் எல்லாம் போச்சு’ என்பார் மாமா. ‘பில்லை ஏத்தறதுக்கு ஒவ்வொண்ணா சொல்றாங்க’ என்பார் சித்தப்பா. இந்தப் பேச்சு பேச்சோடு நின்றால் பரவாயில்லை. டயாலிசிஸ் படிவத்தில் கையெழுத்துப் போட மறுப்பதிலோ, ‘மெஷினை எடுத்துடுங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்பதிலோ போய் முடிந்தால், பிழைக்கக்கூடிய ஒருவரை நாமே கைவிட்டதாகிவிடும். அதனால் இந்தக் கேள்வியை நேருக்கு நேராகவே பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். வென்டிலேட்டரால் சிறுநீரகத்தின் வேலை குறையத்தான் செய்யும். மாமா சொன்னதில் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. ஆனால், கொஞ்சம்தான்!

இழுப்பதும் தள்ளுவதும்

இதைப் படிக்கும்போதே மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பாருங்கள். மார்புக்கூடு விரிகிறதா? விரியும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால் வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. இதே நேரத்தில் நமக்குத் தெரியாமல் இன்னொரு காரியமும் நடக்கிறது. மார்புக்குள் அழுத்தம் குறைவதால், வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் அழுக்கு ரத்தம் சுலபமாக மேலேறி இதயத்துக்கு வந்துசேர்கிறது. ஒவ்வொரு மூச்சும் காற்றை இழுப்பதோடு ரத்தத்தையும் இழுத்துக் கொடுக்கிறது!

வென்டிலேட்டர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அது காற்றை இழுப்பதில்லை. குழாய் வழியே உள்ளே தள்ளுகிறது. இப்போது மார்புக்குள் அழுத்தம் குறைவதற்குப் பதில் கூடுகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரைகளின் சுவர் மெல்லியது. அழுத்தம் கூடினால் ரத்தம் உள்ளே வருவதற்குத் தடை ஏற்படும். இதயத்துக்கு வந்துசேரும் ரத்தம் குறையும். வரவு குறைந்தால் செலவும் குறையத்தானே வேண்டும்? இதயம் உடம்புக்கு அனுப்பும் ரத்தமும் குறைகிறது.

இந்தப் பற்றாக்குறையைச் சட்டென்று உணரும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். இரண்டு சிறுநீரகத்தையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். ஆனால், இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவைதான் வாங்கிக்கொள்கின்றன. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல்! அந்த ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரைப் போலச் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மிச்சத்தையெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே கொடுக்கின்றன. இவ்வளவு வேலைக்கும் ரத்தம் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வரும் வழியில் மட்டும் பிரச்னை என்றால்கூடச் சமாளிக்கலாம். போகும் வழியிலும் பிரச்னை வருகிறது. மார்புக்குள் அழுத்தம் கூடியதால் இதயத்துக்குப் போக முடியாத ரத்தம் பின்னாலேயே தேங்குகிறது. சிறுநீரகத்தைச் சுற்றி அதிகம் விரிந்துகொடுக்காத ஓர் உறை இருக்கிறது. தேக்கத்தால் உள்ளே வீங்கினால், அந்த உறைக்குள்ளேயே நெருக்கடி. வாசலில் தண்ணீர் வரத்துக் குறைந்து, கொல்லையில் சாக்கடையும் அடைத்துக்கொண்ட வீடு மாதிரி ஆகிவிடுகிறது.

இதோடு ஹார்மோன்களும் சேர்ந்துகொள்ளும். ரத்தம் குறைகிறது என்ற சேதி கிடைத்ததும், ‘தண்ணீரையும் உப்பையும் வெளியே விடாதே’ என்று உடம்பு உத்தரவு போடுகிறது. விளைவு, சிறுநீர் இன்னும் குறையும். ஆக, பையில் சிறுநீர் குறைந்துவிட்டது என்றாலே சிறுநீரகம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் அது சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிக்கனம் நீடித்தால்தான் ஆபத்து.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். ட்ரூரி, ஹென்றி, குட்மேன் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் 1947-லேயே இதைப் பரிசோதித்து எழுதிவிட்டார்கள். காற்றை அழுத்தத்தோடு செலுத்தினால் சிறுநீரகத்தின் வேலை குறைகிறது என்று காட்டினார்கள். 1954-ல் அதே ஹென்றி, காவர் என்ற ஜெர்மன் விஞ்ஞானியோடு சேர்ந்து தலைகீழாகவும் செய்து பார்த்தார். மார்புக்குள் அழுத்தத்தைக் குறைத்தபோது சிறுநீர் அதிகமாகப் போனது! இதில் வேடிக்கை என்னவென்றால், 1947-ல் இன்றைய ஐ.சி.யூ.வே பிறக்கவில்லை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோதுதான், தொண்டையில் துளை போட்டுக் காற்றைத் தள்ளும் முறை பெரிய அளவில் வந்தது. மெஷின் போதாமல், மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு ராப்பகலாகக் கையாலேயே பையை அழுத்தி அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். இன்றைய வென்டிலேட்டர் அந்தக் கைகள் செய்த வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் மெஷின்தான் குற்றவாளியா?

அவசரப்படாதீர்கள். 2013-ல், அதுவரை வந்த 31 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று வந்தது. கேட்டால் பகீரென்கிறது. ஆனால், யோசித்துப் பாருங்கள். வென்டிலேட்டரில் யாரை வைக்கிறார்கள்? லேசான சளிக்காரரையா? உடம்பெல்லாம் விஷக்கிருமி பரவியவர், ரத்த அழுத்தம் இறங்கிப்போனவர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் இல்லாதவர் – இவர்களைத்தான். அந்த நோயே சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. நம் ஊர் எலிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்றினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே வாரத்தில் பதம் பார்க்கும். அதில் மெஷினைக் குறை சொல்லி என்ன பயன்?

2020-ல் கொரோனா வந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. நியூயார்க் பகுதியில் 13 ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 5,449 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 100-க்கு 90 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களில் 100-க்கு 22 பேருக்குத்தான். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வென்டிலேட்டரில் இருந்து கிட்னியும் பாதித்தவர்களில் பாதிப்பேருக்கு மேல், குழாய் போட்ட நேரத்தை ஒட்டிய 24 மணி நேரத்துக்குள்ளேயே கிட்னி தடுமாற ஆரம்பித்துவிட்டது. நுரையீரல் கைவிட்ட அதே நேரத்தில் சிறுநீரகமும் கைவிடுகிறது. ஒரே அடி, இரண்டு இடத்தில்!

இன்னொன்று. ஆக்ஸிஜன் ரொம்பவும் குறைந்தால் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். கரியமில வாயு ஏறினாலும் அப்படித்தான். வென்டிலேட்டர் இந்த இரண்டையும் சரிசெய்கிறது. அந்த வகையில் அது சிறுநீரகத்துக்கு உதவியும் செய்கிறது. ‘கிட்னியைக் காப்பாத்தணும், அதனால மெஷினை எடுத்துடுங்க’ என்று கேட்பது, வீடு நனைகிறது என்று கூரையையே பிரிக்கச் சொல்வதைப் போல.

படுத்திருப்பவரை டேப் வைத்து அளப்பது எதற்கு?

வென்டிலேட்டர் போட்டதும் நர்ஸ் ஒருவர் டேப்போடு வந்து நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை அளப்பார். பார்க்கிற நமக்கு அடிவயிறு கலங்கிவிடும். ‘என்னம்மா இது, உயிரோட இருக்கறவரை அளக்கறே!’ என்று ஒரு பெரியம்மா சத்தம் போட்டாலும் ஆச்சரியமில்லை. அபசகுனமெல்லாம் இல்லைங்க. சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற வேலை அது!

நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததல்ல. உடம்பு பருத்தால் வயிறு பெருக்கும், நுரையீரல் பெருக்காது. அதனால் உயரத்தை வைத்து ஒரு ‘கணக்கு எடை’ போட்டு, அதில் கிலோவுக்குச் சுமார் 6 மில்லி வீதம் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று கொடுக்கிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குக் கணக்கு எடை 66 கிலோ. ஒரு மூச்சுக்குச் சுமார் 400 மில்லி. அவர் தராசில் 90 கிலோ காட்டினாலும் இதேதான். 158 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் 300 மில்லி.

முன்பெல்லாம் தாராளமாக இதைப்போல் இரண்டு மடங்கு காற்று அடித்தார்கள். அது எவ்வளவு தப்பு என்று 2000-ம் ஆண்டில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. நுரையீரல் மிக மோசமாகப் பாதித்த 861 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லி, இன்னொன்றுக்கு 6 மில்லி. அதிகக் காற்று கொடுத்த பிரிவில் 100-க்கு 40 பேர் இறந்தார்கள். குறைத்துக் கொடுத்த பிரிவில் 31 பேர். நுரையீரல் தவிர மற்ற உறுப்புகள் பழுதில்லாமல் இருந்த நாட்களும், குறைத்துக் கொடுத்த பிரிவில்தான் அதிகம்.

நுரையீரலை அதிகமாக ஊதினால் சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்? நோயுற்ற நுரையீரலின் மெல்லிய அறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபட்டுக் காயப்படுகின்றன. காயம் பட்ட இடத்திலிருந்து அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. 2003-ல் முயல்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், காயப்படுத்தும் விதமாக வென்டிலேட்டரை ஓட்டியபோது சிறுநீரகச் செல்கள் தாமாகவே மடிய ஆரம்பித்தது தெரிந்தது. மெஷின் இருப்பது மார்பில். அடி விழுவது இடுப்புக்கு மேலே முதுகுப் பக்கம்!

டாக்டர்கள் அடிக்கடி ‘பீப் எட்டு, பீப் பத்து’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரல் முழுசாகச் சுருங்கிவிடாமல் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளேயே மிச்சம் வைப்பதுதான் பீப். ஏற்றினால் ஆக்ஸிஜன் நன்றாக ஏறும். ரொம்ப ஏற்றினால் முன்னே சொன்ன மாதிரி இதயத்துக்கு ரத்தம் வருவது குறையும். ஒவ்வொரு மணி நேரமும் இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டர்கள் நிற்கிறார்கள்.

‘‘இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்களேன்!’’

சிறுநீர் குறைந்தால் நம் வீடுகளில் சொல்லும் முதல் யோசனை இதுதான். ரத்த ஓட்டம் நிஜமாகவே குறைந்திருக்கும் முதல் சில மணி நேரத்தில் சலைன் உதவும். அப்புறம் கண்மூடித்தனமாக ஏற்றினால், அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய்த் தேங்கும். மூச்சு இன்னும் மோசமாகும். மெஷின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் கிட்னிக்கு மறுபடி கஷ்டம்! 2006-ல் அமெரிக்காவில் 1,000 பேரிடம் நடந்த ஆய்வில், திரவத்தை அளந்து குறைவாகக் கொடுத்தவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் வெளியே வந்தார்கள். அதனால் அவர்களுக்கு டயாலிசிஸ் தேவை கூடிவிடவும் இல்லை. ஆகவே, ‘டிரிப்ஸே போடாம சும்மா விட்டுட்டாங்க’ என்று கோபப்பட வேண்டாம்.

சிறுநீர் பையைப் பார்க்கும்போது ஒரு சின்னக் கணக்கை நினைவில் வையுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு, மணிக்கு அரை மில்லி. 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. தொடர்ந்து 6 மணி நேரம் இதற்குக் கீழே போனால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான் தெரியும். லேசிக்ஸ் ஊசி போட்டுச் சிறுநீர் வந்துவிட்டால் நமக்கெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால், அந்த ஊசி தேங்கிய நீரை வெளியேற்றுமே தவிர, சிறுநீரகத்தைக் குணப்படுத்தாது.

டயாலிசிஸ் என்றதும்...

இரண்டு விதமான பயம் உண்டு. ‘ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசு முழுக்க விட முடியாது’ என்பது ஒன்று. ‘கிட்னி போச்சுன்னு சொல்றாங்க, ஆனா டயாலிசிஸ் பண்ணாம இழுத்தடிக்கறாங்களே’ என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். 2016-ல் பிரான்ஸ் நாட்டில் 31 ஐ.சி.யூ.க்களில் 620 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. எல்லோரும் சிறுநீரகம் கடுமையாகப் பாதித்து, வென்டிலேட்டரிலோ ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்திலோ, இரண்டிலுமோ இருந்தவர்கள். பாதிப்பேருக்கு உடனே டயாலிசிஸ். மீதிப்பேருக்குக் காத்திருந்து, கட்டாயம் என்றால் மட்டும். காத்திருந்ததால் சாவு கூடவில்லை. காத்திருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்குக் கடைசிவரை டயாலிசிஸே தேவைப்படவில்லை! ஆக, டாக்டர் காத்திருக்கிறார் என்றால் அது அலட்சியம் இல்லை. பொட்டாசியம் எகிறுவது, ரத்தத்தில் அமிலம் கூடுவது, மருந்துக்கும் மசியாமல் நுரையீரலில் நீர் கோப்பது... இதில் ஏதாவது வந்துவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அப்போது கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினால், ஊரிலிருந்து அண்ணன் வரட்டும் என்று ஒரு நாளை ஓட்டாதீர்கள். பொட்டாசியம் அண்ணனுக்காகக் காத்திருக்காது.

முதல் பயத்துக்கு 2020-ல் 15 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு பதில் சொல்கிறது. உண்மையை மறைப்பானேன், ஐ.சி.யூ.வில் சிறுநீரகம் கடுமையாகப் பாதித்த அந்த நோயாளிகளில் 100-க்கு 44 பேர் 90 நாளுக்குள் இறந்துவிட்டார்கள். நோயின் உக்கிரம் அப்படி. ஆனால், பிழைத்தவர்களின் கதை வேறு. அவசரப்படாமல் தேவைப்பட்டபோது மட்டும் டயாலிசிஸ் என்ற பிரிவில், 90-வது நாளில் டயாலிசிஸை நம்பி இருந்தவர்கள் 100-க்கு 6 பேர்தான். சீக்கிரமே ஆரம்பித்த பிரிவில் 10 பேர். மற்றவர்கள் எல்லோரும் மெஷின் இல்லாமல் இருந்தார்கள்.

ரத்த அழுத்தம் இறங்கியிருப்பவருக்கு வழக்கமான நாலு மணி நேர டயாலிசிஸ் தாங்காது. 8, 10 மணி நேரம் மெதுவாகவோ, நாள் முழுக்கவோ ஓட்டுவார்கள். இவற்றுக்குச் செலவு வித்தியாசம் நிறைய. எந்த வகை, ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை ஆகலாம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நீங்கள் செய்யக்கூடியது

உள்ளே டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே இருக்கும் உங்களிடம்தான் அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நோயாளியின் பழைய கதை! அலமாரியைக் குடைந்து பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். ஆறு மாதம் முன்னால் கிரியேட்டினின் 0.9 இருந்ததா, 1.8 இருந்ததா என்பது, இப்போது வந்திருப்பது புதுப் பாதிப்பா பழையதா என்று சொல்லிவிடும். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை, யாரோ சொன்னார்கள் என்று குடித்த கஷாயம், பஸ்பம், லேகியம் எதையும் மறைக்க வேண்டாம். திட்டுவார்களோ என்று பயந்து மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியையே சுருக்கிவிடும்.

தினமும் டாக்டரைச் சந்திக்கும் ஐந்து நிமிஷத்தில் ‘எப்படி இருக்கார்?’ என்று மட்டும் கேட்டால் ‘அப்படியேதான் இருக்கார்’ என்றுதான் பதில் வரும். 24 மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு, உள்ளே போன திரவம் எவ்வளவு, கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஏறுகிறதா இறங்குகிறதா, வென்டிலேட்டரில் ஆக்ஸிஜனும் பீப்பும் நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நாள் கணக்கை வரிசையாகப் பார்த்தாலே, நோயாளி எந்தத் திசையில் போகிறார் என்பது உங்களுக்கே ஓரளவு புரியும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பதைவிட, வீட்டில் ஒருவரே தினமும் பேசுவது நல்லது.

கடவுள் புண்ணியத்தில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்றால், இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ‘யூரின் நல்லா போகுது, இனிமே என்ன?’ என்று ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடிபட்ட சிறுநீரகம் முழுசாகத் தேறியதா என்று தெரிந்துகொள்ள, சுமார் மூன்று மாதம் கழித்துக் கிரியேட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் கட்டாயம் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும்தான். அதுவரையில் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை எதுவும் கூடாது. தலைவலி என்றாலும் சரி, முதுகுவலி என்றாலும் சரி, ஐ.சி.யூ.வில் இருந்த கதையைச் சொல்லி, ‘கிட்னிக்கு ஒத்துக்கற மாத்திரையா குடுங்க’ என்று கேட்டு வாங்குங்கள்.